தகரக் கொட்டகைப் பதினோரு பேர்

காரைக்குடியில் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கல்யாணம் இருக்கிறது. ஒரு வீட்டில் பெண்ணும் இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையும் இருந்தால், நடுவில் ஒரு ஆள் சைக்கிளில் போய் விசாரித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் நான் சொல்ல வந்த இவர். கொலை, கொள்ளை, வைர மாலை எதுவும் இவரைத் தேடி வந்ததில்லை. வந்திருந்தாலும் ஹாக்கி மேட்ச் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போயிருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் வேலை பார்த்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு தமிழ் மிஷின். அதை அடிக்கத் தெரிந்தது நான் மட்டும். அதனால் அவருடைய விசாரணை அறிக்கைகள் எல்லாம் என் கையால்தான் அச்சாயின. வேட்டி, அரைக்கைச் சட்டை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்த கேன்வாஸ் ஷூ. வலது கால் கொஞ்சம் இழுக்கும். சட்டைப் பையில் நூல் கட்டிய ஒரு விசில் எப்போதும் இருக்கும். பொட்டலில் நடக்கும் மேட்சுகளுக்கு அவர்தான் அம்பயர். மாடிப்படி ஏறி வந்து, காகிதங்களை என் மேஜையில் வைத்து, "மூணு காப்பி தங்கச்சி" என்பார். அவ்வளவுதான் பேச்சு. வாயைத் திறந்தால் கட்டணம் கேட்பார்கள் என்பது போல இருப்பார்.

யாராவது அவரிடம் எதையாவது சொல்ல வந்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீங்க பார்த்தீகளா, கேட்டீகளா?" கேட்டது என்றால் எழுத மாட்டார். எங்கள் இன்ஸ்டிட்யூட் முதலாளி ஒருநாள், எதிர்க்கடைக்காரர் கடையைக் காலி செய்யப் போகிறாராமே என்றார். நீங்க பார்த்தீகளா, கேட்டீகளா என்றார் இவர். முதலாளி அதற்குப் பிறகு ஒரு மாதம் இவரிடம் எதுவும் சொல்லவில்லை.

கோட்டையூர் ஆச்சி ஒருவர் தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருந்தார். பத்து நாள் சுற்றிவிட்டு இவர் எழுதிக் கொடுத்ததை நான்தான் அடித்தேன். 'பையன் நல்லவர் என்று ஒன்பது பேர் சொன்னார்கள். அது அவர்கள் சொன்னது. நான் பார்த்தது: பொட்டலில் நடந்த ஆட்டத்தில் பந்து பையனின் காலில் பட்டிருக்கிறது, அது ஃபவுல். அம்பயர் கவனிக்கவில்லை. பையன் தானே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு பந்தை எதிரணிக்குக் கொடுத்தார். அதில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். வேறு எதுவும் நான் பார்க்கவில்லை.' அந்த ஆச்சி காரைப் போட்டுக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்துவிட்டார். "ஏஞ் சாமி, வீடு வாசல், பழக்க வழக்கம்னு விசாரிக்கச் சொன்னா, பந்து காலுல பட்டதை எழுதிக் குடுத்திருக்கீகளே" என்று கேட்டார். இவர் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்பயர் யார் என்று ஆச்சி கேட்டதற்கு, "நாந்தான்" என்றார்.

கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளை தங்கமாக இருந்தார். அதிலிருந்து ஆச்சி வீட்டிலிருந்து தினமும் ஒரு பெரிய அண்டா சோறு தகரக் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தது.

தகரக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொட்டலின் ஓரத்தில் ஹாக்கி கிளப்புக்கு ஒரு கொட்டகை உண்டு. மட்டைகளும் கோல் வலைகளும் வைக்கிற இடம். ஒரு ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தவர்களை இவர் அங்கே கூட்டிவந்து விட்டார். மழை நின்றது, அவர்கள் போகவில்லை. இவரும் போகச் சொல்லவில்லை. கிளப் செயலாளர் விழுந்தடித்து ஓடிவந்து, யார் யார் தங்குகிறார்கள், பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர் எல்லாம் மாதாமாதம் டைப் அடித்துத் தந்தாக வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்.

இவர் பட்டியல் தந்தார். கொட்டகையில் பதினோரு பேர் படுக்க இடம் இருந்தது. ஹாக்கி டீமில் நிற்கிற இடத்தின் பெயர்தான் ஒவ்வொருவருக்கும்: கதவோரம் படுப்பவர் கோலி, அதாவது கோல்கீப்பர். அவருக்கு அடுத்து ரைட் பேக், லெஃப்ட் பேக். அப்புறம் ரைட் ஹாஃப், சென்டர் ஹாஃப், லெஃப்ட் ஹாஃப். சுவரோரமாக முன்வரிசை ஐந்து பேர். ஒருவர் போய்விட்டால் அந்த இடத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு அந்தப் பெயர். 'பெயர்' என்ற கட்டத்தில் ரைட் இன், லெஃப்ட் அவுட் என்று நான் அடித்தேன். 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'கொட்டகை'. செயலாளர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பில் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து, போர்வை, உடம்பு, புகார் என்று மூன்று கட்டங்கள் கூடின. இவருக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

இந்த ஆட்களெல்லாம் இவருடைய உளவாளிகள், சோறு போட்டு ஊர் ரகசியத்தை வாங்குகிறார் என்று ஊரில் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. கொட்டகைக்குள் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம் என்றார். பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது. சாப்பிடும்போது உற்றுப் பார்க்கவும் கூடாது. சோற்றைப் போட்டுவிட்டு அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ரேடியோ கேட்பாராம். ஹாக்கி வர்ணனை இருந்தால் வர்ணனை, இல்லாவிட்டால் விவசாயச் செய்தி.

கேள்வி கேட்டுப் பிழைக்கிற மனிதருக்கு இது என்ன வீம்பு என்று நினைத்தேன். பிறகு ஒரு மத்தியானம், மிஷினில் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தபோது, அவராகவே சொன்னார். வேறு ஜில்லாவில் ஒரு மில்லில் இருந்திருக்கிறார். சம்பளப் புத்தகத்தில் நெசவாளி. தறியைத் தூரத்தில் நின்று பார்த்ததுண்டாம். ஹாக்கி ஆடுவதற்காகவே எடுத்த ஆள். மேட்ச் வந்தால் முட்டை, பால், தனி அறை. ஒரு ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. அந்த வாரமே வேலையும் அறையும் போயின. மூன்று மாதம் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறார். சோறு போட்டவர்களும் கேட்டார்கள், தடியால் தட்டி எழுப்பியவர்களும் கேட்டார்கள்: பேரென்ன, ஊரென்ன, ஏன் இப்படி ஆனாய்.

"ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லணும் தங்கச்சி. சொல்லச் சொல்ல நம்ம கதையே நமக்குப் பொய்யாத் தெரிய ஆரம்பிச்சிரும்" என்றார். பிறகு மூணு காப்பி என்று ஞாபகப்படுத்தினார்.

இப்போது என் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்களுக்கு இளையான்குடிப் பக்கம் ஒரு கிராமம். எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை சைக்கிளைத் துடைத்து, பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்து போனார். திரும்பவில்லை. சண்டை இல்லை, கடன் இல்லை, வேறு வீடும் இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அம்மாவைக் குறை சொன்னதில் அந்தப் போக்குவரத்தும் விட்டுப்போயிற்று. நானும் அம்மாவும் காரைக்குடிக்கு மாமா வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆறு வருஷம் கழித்து எனக்கு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார். அவருக்குப் பிடித்திருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. பத்திரிகை அடிக்க உட்கார்ந்தபோதுதான் மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். "பொண்ணோட தகப்பனார் பேருக்கு முன்னால என்ன போடுறது? திருவா, காலஞ்சென்றவரா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. தெரியாதுன்னு போட முடியாதுல்ல."

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டதே, காலஞ்சென்றவர் என்றே போட்டுவிடலாம் என்று மாமா வீட்டில் பேசினார்கள். அப்படிப் போட்டால், அந்தப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வெளியே வருவதற்குள் அம்மா பொட்டை அழித்துத் தாலியைக் கழற்ற வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கல்யாணத்துக்காக அம்மா தாலி அறுப்பதா? அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு மாதத்துக்குள் சொல்கிறோம் என்று மாமா தவணை வாங்கினார்.

மறுநாள் அம்மாவை இன்ஸ்டிட்யூட்டுக்குக் கூட்டிவந்து அவர் முன்னால் உட்கார வைத்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அவுக இருக்காகளா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. வரச் சொல்ல வேணாம். எங்கன்னும் எனக்கு வேணாம்."

அடையாளம் கேட்டார். தழும்பு, மச்சம், உயரம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எங்கள் அம்மா, "உப்பு போட்டுக்க மாட்டாக. இலையில வச்ச உப்பை யாரும் பார்க்காதப்ப விரலால பக்கத்து இலைக்குத் தள்ளி விட்டுருவாக" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதை அப்படியே எழுதினார். நானே அதை டைப் அடித்தேன்.

அவர் தேடினார். பழனி, ராமேஸ்வரம், பிள்ளையார்பட்டி என்று கோயில் வாசல் கோயில் வாசலாகப் போனார். வந்து, "அங்குட்டு இல்ல" என்பார். ஒரு மாதம் போயிற்று. இரண்டாவது மாதமும் பாதி போயிற்று. பெரியப்பா ஒரு கார்டு எழுதினார். அம்மா காலையில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கிற நேரம் நீண்டுகொண்டே போயிற்று. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. வேண்டாம் இந்தக் கல்யாணம் என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அந்த மாதக் கொட்டகைப் பட்டியல் வந்தது. போர்வை, உடம்பு, புகார். புகார்க் கட்டத்தில் அவர் எழுதியிருந்தார்: 'சென்டர் ஹாஃப்: சோற்றில் உப்பு அதிகம். இது மூன்றாவது மாதம். குழம்பு வைத்தவர் (நான்) ருசி பார்த்ததில் உப்பு சரியாக இருந்தது, தட்டோரம் வைத்ததும் எல்லோருக்கும் ஒரே சிட்டிகைதான். போன மாதம் குழம்பில் உப்பைக் குறைத்ததில் மற்றவர்களில் ஒன்பது பேர் புகார் செய்தார்கள். சென்டர் ஹாஃபுக்குக் கண்ணில் புரை, நாக்கில் கோளாறு இல்லை.'

மூன்று மாதமாக இதை நான்தான் அடித்திருக்கிறேன். தப்பில்லாமல், மூன்று காப்பி. அன்றைக்குத்தான் 'உப்பு' என்று அடித்தவுடன் கை நின்றது. பழைய காப்பிகளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். புகார் ஆரம்பித்த மாதத்தில்தான் லெஃப்ட் ஹாஃப் இடத்துக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறார். சென்டர் ஹாஃபுக்குப் பக்கத்துத் தட்டு.

பொட்டலுக்கு ஓடினேன். அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இடைவேளை விசில் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் காலை இழுத்துக்கொண்டு வந்தார். லெஃப்ட் ஹாஃப் யார் என்று கேட்டேன். "தெரியாது. கேட்டதில்ல" என்றார்.

நான் உப்பைச் சொன்னேன்.

அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. பழனி மலை வரைக்கும் போய்த் தேடிய ஆளுக்கு மூன்று மாதமாகத் தன் கையாலேயே சோறு போட்டிருக்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு. யாராவது ஒரே ஒரு தடவை பெயரைக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவர் சட்டப்படி யாரும் கேட்கவில்லை. விசிலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார். இது என் சந்தேகம்தான், தான் பார்க்கவில்லை என்றார். நாளைக்குப் பார்ப்பதாகச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவர் ரேடியோவைப் போட்டுவிட்டு, அதன் பக்கமாகத் திரும்பாமல், சாப்பிடுகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்தாராம். கொட்டகையில் விளக்கு இல்லாததால் வெளிச்சத்திலேயே சாப்பிட்டு முடிப்பார்கள். லெஃப்ட் ஹாஃபின் விரல் உப்பைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளியது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு மறுநாள் ஒரு காகிதம் கொண்டுவந்தார். 'தேடச் சொன்ன நபர் உயிரோடு இருக்கிறார். உடம்பு நலம். இதை ஒருவரும் சொல்லிக் கேட்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன். இருக்கும் இடத்தைக் குறிப்பிட எனக்கு அனுமதி இல்லை.' அதையும் நான்தான் டைப் அடித்தேன். தப்பாக அடித்து இரண்டு தாள் வீணாயிற்று.

மாப்பிள்ளையின் பெரியப்பா அதை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். கீழே கையெழுத்தைப் பார்த்தார். வேறு யார் எழுதியிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பார். இவர் எழுதியதால், "திருன்னே போட்டுருங்க" என்றார். அம்மா அந்தக் காப்பியை வாங்கி, படிக்கத் தெரியாதவள், மடித்துக் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்தாள்.

எனக்கு அது போதவில்லை. ஏன் போனார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். கேட்க மாட்டேன் என்றார். நானே வந்து கேட்கிறேன் என்றேன். கொட்டகைக்குள் வந்தால் நானும் கேட்கக் கூடாது என்றார்.

"அவுக எங்கப்பா சார்."

"வெளியில உங்கப்பா. உள்ள லெஃப்ட் ஹாஃப்" என்றார். பிறகு, "அவுகளா வெளியில வந்தாத்தான் தங்கச்சி" என்றார்.

பத்து நாள் அவரோடு பேசவில்லை. அறிக்கைகளை அடித்துக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் பொட்டல் வேலி வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒருநாள் தூரத்தில் தாடி வைத்த ஒருவர் போர்வையை உதறிக் கொடியில் போட்டு, நாலு மூலையையும் இழுத்துச் சரி செய்வதைப் பார்த்தேன். சைக்கிளைத் துடைத்துப் பூட்டிவைத்த அதே ஒழுங்கு. எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதிருக்கிறேன்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் ஒன்றை எடுத்து உறைமேல் நானே டைப் அடித்தேன்: 'கோலி முதல் லெஃப்ட் அவுட் வரை, தகரக் கொட்டகை.' அவரிடம் கொடுத்தேன். பதினோரு பேரையும் கூப்பிட்டால் பதினோரு பேருக்கும் சொல்லுவேன், ஒருத்தரிடம் மட்டும் தனியாகச் சொல்ல மாட்டேன் என்றார். தெரியும் என்றேன். வருவதும் வராததும் அவரவர் விருப்பம் என்றார். அதுவும் தெரியும் என்றேன். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எங்கன்னும் வேணாம் என்று அவள்தானே சொல்லியிருந்தாள்.

கல்யாணத்தன்று மாமாதான் என் கையைப் பிடித்துக் கொடுத்தார். தாலி ஏறி, நானும் மாப்பிள்ளையும் முதல் பந்தியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் பந்தல் வாசலில் கேன்வாஸ் ஷூ தெரிந்தது. அன்றைக்கு அதற்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்திருப்பார் போல. பின்னால் எல்லோரும் துவைத்த வேட்டியில் வரிசையாக வந்தார்கள். நான் எண்ணினேன். பதினொன்று. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து யார் இவர்கள் என்று கேட்டதற்கு, "நம்ம டீம்" என்றார் இவர். பெரியப்பா மரியாதையாக எதிர்வரிசையைக் காட்டினார்.

கொட்டகையில் படுக்கிற அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். தாடிக்குள் யார் இருக்கிறார் என்று பந்தியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. லெஃப்ட் ஹாஃப் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இலைக்குத் தண்ணீர் தெளித்தார். என்னிடம் ஆறு வருஷத்துக் கேள்வி இருந்தது. நான் கேட்கவில்லை.

மாமா வீட்டு விசேஷத்தில் இலைக்கு முதலில் விழுவது உப்பு, அதை வீட்டுப் பெண்பிள்ளை கையால் வைக்க வேண்டும். அம்மா உப்புக் கிண்ணத்தோடு வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை, இலையையும் கையையும் மட்டும் பார்த்து ஒவ்வொரு சிட்டிகையாக வைத்துக்கொண்டே போனாள். கோலி. பேக் இரண்டு பேர். ரைட் ஹாஃப். சென்டர் ஹாஃப். அடுத்த இலையில் ஒரு விரல் ஓரமாகத் தயாராக இருந்தது.

அம்மா நின்றாள். தலையைத் தூக்கவில்லை. எடுத்த சிட்டிகை உப்பைக் கிண்ணத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு, அடுத்த இலைக்குப் போனாள்.

சோறும் குழம்பும் வந்தன. கண் தெரியாத சென்டர் ஹாஃப் முதல் கவளத்தை வாயில் போட்டு மென்று, யாரிடமென்று இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "இன்னைக்குத்தான் உப்பு சரியா இருக்கு."